ஜிம்மிக்காக வரையச் சொன்ன படம்

மாமா என் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் டெங்கிக் காய்ச்சலோடு நான் கிடந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது அந்தத் தொடுகைதான். நெற்றியைத் தொட்டுப் பார்க்க நிறையப் பேர் இருந்தார்கள். அம்மா தொட்டாள், அப்பா தொட்டார், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் மலாய்த் தாதி வேளைக்கு ஒருமுறை தொட்டாள். மாமா மட்டும் போர்வையைக் கால்பக்கம் விலக்கி, உள்ளங்காலில் தன் புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கிறது என்று தெரிந்ததும் மூச்சு விடுவார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் வைப்பார். எனக்கு அப்போது எட்டு வயது. காய்ச்சல் வந்தால் மருந்து கொடுப்பார்கள், பிறகு சரியாகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் செத்துப்போகவும் கூடும் என்ற எண்ணமே எனக்கு வந்தது.

அவர் அம்மாவுடைய ஒரே தம்பி. நாங்கள் ஜெராமுக்கு உள்ளே எண்ணெய்க்குப் பயிரிடும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தோம். அப்பா பழக்குலை வெட்டுகிறவர். மாமா தோட்ட வேலை வேண்டாம் என்று ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். சனிக்கிழமை மதியம் மோட்டார் சைக்கிளில் வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்புவார். குளியலறைக்குள் பாம்பு புகுந்துவிட்டால் லயத்தில் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சிரித்துக்கொண்டே வாலைப் பிடித்து வெளியே இழுத்துப் போடுவார். அப்படிப்பட்ட மனிதர் என் கட்டிலோரம் உட்கார்ந்து உதடு காய்ந்து போய் இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு பயம் வந்தது. பாம்புக்கே பயப்படாதவர் எதைப் பார்த்து இப்படிப் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அது விளங்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. மாமா தானாகவே, ஒவ்வொரு தீபாவளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, நடந்ததைச் சொல்லி முடித்தார்.

எல்லாம் ஜிம்மியால் வந்தது. பழுப்பு நிறம், இடது காது நுனியில் ஒரு கிழிசல், யார் வீட்டுச் சோறானாலும் நம் வீட்டுச் சோறு என்கிற குணம். வாரம் முழுக்க அதற்குச் சோறு போட்டது அம்மாதான், ஆனாலும் அது மாமாவின் நாய். சனிக்கிழமை அவருடைய மோட்டார் சத்தம் தோட்டத்து அலுவலக வளைவில் கேட்கும்போதே இங்கே எழுந்து நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பும்போது பெரிய ரோடு வரைக்கும் பின்னாலேயே ஓடிப்போய் வழியனுப்பிவிட்டு வரும். “போடா வீட்டுக்கு” என்று அவர் திரும்பிப் பார்த்துக் கத்துவார். கத்துவதே ஓடி வரச் சொல்வதைப் போலத்தான் இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று எதிரே வந்தது. மாமா ஒதுங்கிக்கொண்டார். ஜிம்மி ஒதுங்கவில்லை. மோட்டாரின் கண்ணாடியில்தான் அவர் அதைப் பார்த்தார். அன்றைக்கு அவர் ரவாங்குக்குப் போகவில்லை. சட்டையைக் கழற்றி அதைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து, லயத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர், “நாயிதானலா, வேற ஒண்ணு புடிச்சிக்கலாம்” என்றார். அந்த ஒரு வார்த்தை மாமாவின் மனதில் எவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

ஜிம்மியின் புகைப்படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அந்த வருடத் தீபாவளிக்கு, மாமா யாரிடமோ இரவல் வாங்கி வந்த கேமராவில் எடுத்தது. பச்சைப் பாவாடை கட்டி நான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். ஜிம்மியின் கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்திருப்பேன். அதன் நாக்கு என் முழங்கால்மேல் தொங்கும். அந்தப் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை மாமா கோலசிலாங்கூர் பழைய கடைத்தெருவுக்குப் போனார். அங்கே சாமிப் படங்களுக்குக் கண்ணாடி போடுகிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரரே ஓவியர். புகைப்படத்தைக் கொடுத்தால் அதைப் பார்த்துப் பெரிதாக ஆயில் பெயிண்டில் வரைந்து, சட்டம் போட்டுக் கொடுப்பார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் லயத்து வீடுகளில் உயிரோடு இருக்கிறவர்களுக்குப் புகைப்படம், செத்தவர்களுக்கு ஆயில் படம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நீல மேகம், தலைக்குப் பின்னால் ஒளி, நெற்றியில் சந்தனப் பொட்டு, கீழே வெள்ளை எழுத்தில் பெயர், தோற்றம், மறைவு. மேலே மாலை போடுவதற்கென்று கொஞ்சம் இடம். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த மாதிரிப் படம் கண்ணில் பட்டால் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். ஜிம்மிக்கும் அப்படி ஒரு படம் வேண்டும் என்பதுதான் மாமாவின் ஆசை. நாயிதானலா என்று சொன்ன வாய், அந்தப் படத்தின் முன்னால் தாழ்ந்து பேச வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

கடைக்குப் போனபோது அங்கே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். புருஷன் போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மாமாவும் வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வந்திருந்தார். ஓவியர் அவர் கண்ணைப் பார்த்தார், கையிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தார். எழுந்து வந்து தோளில் கைவைத்து, “இந்தப் புள்ளையா தம்பி?” என்று மெதுவாகக் கேட்டார். அந்த அம்மாள் தன் அழுகையை நிறுத்திவிட்டு மாமாவுக்காக அழ ஆரம்பித்தார்.

அந்த இடத்தில், அந்த அம்மாளின் முன்னால், நாய்க்கு என்று சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டார்.

அந்த அம்மாள் போனதும் சொல்லிவிடலாம் என்று நின்றிருக்கிறார். அவர் போகவில்லை. ஓவியர் பெயர் கேட்டார். ஜிம்மி என்றால் விஷயம் வெளியே வந்துவிடும். மாமா என் பெயரைச் சொன்னார். பிறந்த தேதி கேட்டார். அதையும் சொன்னார். ஒரு பொய்க்குத் தலையாட்டிய பிறகு அடுத்த கேள்விக்கு உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டம் என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். தவறிய தேதி கேட்டபோது மட்டும் நாக்கு எழவில்லையாம். “அப்புறம் சொல்றேண்ணே” என்று வெளியே வந்துவிட்டார். வருத்தத்தில் இருப்பவர்களை ஓவியர் இரண்டாம் முறை கேட்பதில்லை. அது அவருடைய தொழில் மரியாதை. சரி தம்பி, இடம் விட்டு எழுதுகிறேன் என்றாராம்.

அடுத்த வாரம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தார். அடுத்த வாரம் ஓவர்டைம். அதற்கடுத்த வாரம் கடை வாசல் வரைக்கும் போய், உள்ளே யாரோ இருந்ததால் திரும்பிவிட்டார். மூன்றாம் வாரம் நான் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தேன். அப்பா தோட்டத்து அலுவலகத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போன் செய்து, “புள்ளைக்கு ரொம்ப முடியல, ஆஸ்பத்திரியில சேத்துட்டோம்” என்று சொல்லியிருக்கிறார். ரவாங்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை வழியாக அந்தத் தூரத்தை எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியாது என்பார் மாமா. ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைப் பார்த்தார். மூக்கில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்தப் படத்தை நிறுத்திவிட வேண்டும் என்று நேராகக் கோலசிலாங்கூருக்குப் போனார்.

படம் முடிந்திருந்தது. ஆயில் காய வேண்டுமென்று ஓவியர் அதைத் தெருப்பக்கச் சுவரில் மாட்டியிருந்தார். ஜிம்மி இல்லை. நான் மட்டும். ஜிம்மியின் கழுத்தைச் சுற்றியிருந்த என் கையை எடுத்து மடியில் வைத்திருந்தார். நீல மேகம், ஒளி, சந்தனப் பொட்டு. கீழே என் பெயர். தோற்றத்துக்கு எதிரே என் பிறந்த நாள். மறைவுக்கு எதிரே ஒன்றுமில்லை, ஒரு விரல் நீளத்துக்கு வெற்றிடம். ஓவியர் தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு, “வாங்க தம்பி, தேதி சொல்லுங்க, எழுதிடலாம்” என்றார்.

மாமா ஓடிவிட்டார். பாம்பு பிடிக்கிற மனிதர், கடைத்தெருவில் எல்லோரும் பார்க்க ஓடியிருக்கிறார். அந்த வெற்றிடம் ஒரு தேதிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, அதைக் கேட்டு வாங்கி வைத்தது தான்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. என் உள்ளங்காலில் புறங்கையை வைக்க ஆரம்பித்தது அன்று மதியம்தான். அவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு. இன்று கணக்குப் பார்த்தால் என் மகனைவிடச் சின்னவர்.

தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் தட்டணு எண்ணிக்கை மிகவும் இறங்கிவிட்டது, கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் மாமா அம்மாவை நடைபாதைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது. எனக்குப் பாதி கேட்டது, மீதியை அம்மாவின் முதுகு சொன்னது. அவர் சொல்லி முடித்ததும் அம்மா குனிந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டு அடி. மாமா நகரவில்லை. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

“படம் எங்கடா இப்ப?”

“கடையிலதான்க்கா. சுவத்துல மாட்டியிருக்காரு.”

“தெருவுல போறவன் வர்றவன்லாம் பாக்குறானா?”

மாமா தலையாட்டினார்.

“கிழிச்சிறாத. எரிச்சிறாத. ஏம் புள்ள மொகம் அது. நீ போயி அது முன்னாடி நில்லு. ஒருத்தனும் பாக்கக் கூடாது. ஒருத்தி வாயில இருந்து ஐயோ பாவம்னு வரக் கூடாது. போடா!”

அம்மாவின் பயம் மாமாவின் பயத்தைப் போல வெற்றிடத்தில் இல்லை. என் முகத்தைப் பார்த்து ஊரார் விடுகிற பெருமூச்சு ஒவ்வொன்றும் என்மேல் வந்து விழும் என்பது அவள் பயம். படத்தை அழிக்கவும் முடியாது, மாட்டவும் முடியாது, ஆற்றில் விடவும் முடியாது. எதைச் செய்தாலும் அது எனக்குச் செய்வது. அம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் செருப்பு அப்படியே இருந்தது. அவளிடம் எதையும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் கண்ணை மூடினால் அவள் உலுக்கி எழுப்பினாள். அதனால் தூங்கவும் பயந்துகொண்டு விழித்தே கிடந்தேன்.

கடையில் மாமா படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டாராம். ஓவியர் என்னவென்று கேட்க, ஒரு வழியாக எல்லாம் வெளியே வந்தது. கேட்டு முடித்த ஓவியர் தூரிகையைக் கீழே போட்டுவிட்டார். “முப்பது வருசமா வரையிறேன், உசுரோட இருக்கிற புள்ளைய ஒருநாளும் மேகத்துல வெச்சதில்ல. நாயின்னு சொல்லியிருந்தா நாயி வரைஞ்சு குடுத்திருக்கப் போறேன். அதுல என்னாலா வெக்கம்?” என்று கத்தினாராம். கத்திக்கொண்டே வண்ணம் சுரண்டுகிற கத்தியை எடுத்து, மறைவு என்ற எழுத்தைச் சுரண்டினார். தோற்றத்தையும் சுரண்டினார். பெயரைச் சுரண்டுவதா வேண்டாமா என்று யோசித்து விட்டுவிட்டார். முகத்தைத் தொட மட்டும் மறுத்துவிட்டார். “அந்தப் புள்ள இந்த வாசல்ல நடந்து வரட்டும். நேர்ல பாத்தாதான் தொடுவேன்” என்றார். மாமா நான்கு நாள் காலையில் கடை திறந்ததிலிருந்து மூடுகிற வரைக்கும் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கடை மூடியதும் ஆஸ்பத்திரி, என் உள்ளங்கால்.

கோலாலம்பூருக்கு என்னை அனுப்பவில்லை. ஐந்தாம் நாள் அந்த எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. ஆறாம் நாள் நான் ரொட்டி சானாய் கேட்டேன். அம்மா அதைக் கேட்டு அழுதாள். அழுகிற சத்தத்தைக் கேட்டு மிஸ்ஸி ஓடி வந்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து மாமா என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓவியர் என்னை வாசலில் பார்த்ததும் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எழுந்தார். எனக்கு அவரைக் கவனிக்க நேரமில்லை. படத்தில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைவிட அழகு. தலை கலையவில்லை, உதடு மூடியிருந்தது, கை மடியில் இருந்தது. எந்த அம்மாவுக்கும் பிடிக்கிற நல்ல பிள்ளை. நான் வராமல் போயிருந்தால் இவளை வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“வாயத் தொற பாப்பா” என்றார் ஓவியர். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே ஆடிக்கொண்டிருந்த என் முன்பல் இரண்டும் அதற்குள் விழுந்திருந்தன. அவர் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். “செத்தவங்க படத்துல யாரும் வாயத் தொறந்து சிரிக்க மாட்டாங்க. நீ நல்லா சிரி” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா ஜிம்மியைப் போல நாக்கைத் தொங்கப் போட்டுக் காட்டினார். அப்போது வந்தது.

மூன்று சனிக்கிழமை உட்கார்ந்தேன். வாய் திறந்தது, பல் ஓட்டை வந்தது, சந்தனப் பொட்டு போனது. மேகத்தின்மேல் எங்கள் லயத்துப் பலகைச் சுவர் வந்தது. பிறகு ஜிம்மி வந்தது. கிழிந்தது எந்தக் காது என்று ஓவியர் கேட்டார். நானும் மாமாவும் ஒரே நேரத்தில் இடது காதைத் தொட்டுக் காட்டினோம். என் கையை மடியிலிருந்து எடுத்து அதன் கழுத்தில் திரும்பவும் போட்டார். நாக்குக்கு மட்டும் ஒரு சனிக்கிழமை முழுதும் செலவழித்தார்.

அந்தப் படத்தை அம்மா வீட்டுக்குள் விடவில்லை. செத்த நாயும் உயிரோடு இருக்கிற பிள்ளையும் ஒரே சட்டத்துக்குள் இருந்தால் மாலையை எங்கே போடுவது, பூவை எங்கே வைப்பது? மாமா அதைச் சாக்கில் சுற்றி மோட்டாரில் கட்டி ரவாங்குக்கே கொண்டுபோய்விட்டார். ஆனால் அவருடைய பயம் தீரவில்லை. அடுத்த தீபாவளிக்கு அதே சாக்கில் படத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். “பாப்பாவுக்குப் பல்லு மொளைச்சிருச்சுண்ணே. போட்டுருங்க. செத்தவங்க படந்தான் வளராது, இது வளரணும்” என்றார் ஓவியரிடம். ஓவியர் சிரிக்கவில்லை. பல்லைப் போட்டார். அதற்கடுத்த வருடம் முகத்தை நீட்டினார், ஜடையை நீட்டினார். இப்படியே வருடா வருடம் நான் அந்தச் சட்டத்துக்குள் வளர்ந்தேன். சட்டை மாறியது, கன்னத்தில் பரு வந்து போனது. ஜிம்மி மட்டும் அப்படியே இருந்தது. பெரிய மனுஷியான பிறகு எனக்கு இது வெட்கமாக இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே போவேன். ஆனாலும் ஒரு வருடம்கூடப் போகாமல் இருந்ததில்லை, ஏனென்றால் எனக்கும் பயம்தான்.

எனக்குப் பதினேழு வயதானபோது ஓவியர் இறந்துபோனார். ரவாங்கில் இன்னொருவரிடம் காட்டினார் மாமா. வண்ணம் மேல்மேலே ஏறித் தடித்துவிட்டது, இனித் தொட்டால் உரியும், புதிதாக வரைந்துகொள்ளலாம் என்றார் அவர். மாமா கேட்கவில்லை. படம் பதினேழிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு முப்பது வருடம், நான் எங்கே இருந்தாலும், வாரத்துக்கு ஒருமுறை மாமாவிடமிருந்து போன் வரும். எனக்குத் தலைவலி என்று யாராவது சொல்லிவிட்டால் ஒரு நாளைக்கு மூன்று முறை வரும்.

போன வருடம் மாமா போய்ச் சேர்ந்தார். தனியாகவே இருந்துவிட்ட மனிதர். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ரவாங்கில் அவர் இருந்த வீட்டை ஒழிக்க நானும் அம்மாவும் மட்டும் தங்கியிருந்தோம். அம்மா நாற்பது வருடமாக அந்தக் கூடத்தில் மாட்டியிருந்த படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. படித்திருக்கிறேன், ஒரு அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலதிகாரியாக இருக்கிறேன். அப்படியிருந்தும் மதியம் சாப்பிட்டதும், அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் கடைத்தெருவுக்குப் போய், வெள்ளை ஆயில் வண்ணம் ஒரு குழாயும் மெல்லிய தூரிகை ஒன்றும் வாங்கி வந்தேன். படத்தைக் கழற்றி மேசைமேல் சாய்த்தேன். பதினேழு வயதுக்காரியின் காதோரத்தில், வகிட்டுப் பக்கத்தில், நரைமுடி நான்கைந்து இழுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன்.

அம்மா நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது திருப்பினாள் என்று தெரியவில்லை. படத்தைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள்.

“பொய்யெல்லாம் போடாத. ஒனக்கு அம்புட்டுத்தானா நரைச்சிருக்கு? இன்னும் போடு” என்றாள்.